நானூற்றுப் பன்னிரண்டாவது உருப்படி

பட்டியலில் மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு உருப்படிகள். நானூற்றுப் பத்தாவது, காலைப் பிடித்துவிடும் நாற்காலி. நானூற்றுப் பதினொன்றாவது, இன்னும் அட்டைப்பெட்டி பிரிக்காத காற்றுச் சுத்திகரிப்பான். நானூற்றுப் பன்னிரண்டாவது, பரணி, பெண், வயது ஏழு.

மங்கையர்க்கரசி அந்த வரியை மூன்று தடவை படித்தாள். பிறகு தாளை மேசையில் வீசினாள்.

"என்ன மேடம் இது? நாற்காலிக்கு அடுத்தால எம்புள்ளையா?"

நீதிமன்றத்திலிருந்து வந்திருந்த அளவர் ஜெபராணிக்கு ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் கறுப்புப் பெட்டி. அவள் தலையை நிமிர்த்தவில்லை. "ஃபாரத்துல வேற கட்டம் இல்லம்மா" என்றாள்.

"கட்டம் இல்லேன்னா வேற தாள் எடுக்கணும்லா? பிள்ளையத் தூக்கிச் சாமான் பட்டியல்ல போடுவியளா?"

ஜெபராணி பெட்டியைத் திறந்தாள்.

பற்றுரிமைச் சட்டம் வந்து நாலு வருஷம் ஆகிறது. பிரியப்போகும் புருஷனும் பெண்டாட்டியும் கரண்டிக்கும் கட்டிலுக்கும் கோர்ட்டில் பத்து வருஷம் மல்லுக்கட்டுகிறார்கள் என்று ஒரு கருவியைக் கொண்டுவந்தார்கள். பற்றுமானி என்று பேர். இரண்டு பேர் நெற்றியிலும் ஒரு பட்டை. தரையில் ஒரு மஞ்சள் வட்டம். வட்டத்துக்குள் பொருளை வைத்து இருபது நொடி பார்க்க வேண்டும். அதன் மேல் பார்த்தவருக்கு எவ்வளவு பற்று என்பது நூற்றுக்கு இவ்வளவு என்று திரையில் வந்துவிடும். யாருக்கு எண் கூடுதலோ அவருக்குப் பொருள். இரண்டு பேருக்கும் பத்துக்குக் கீழே என்றால் யாருக்கும் கிடையாது, பொதுக் கிடங்கு லாரி வந்து அள்ளிக்கொண்டு போய் ஏலம் போடும். மகளிருக்கு மதிப்பு என்று, பெண்டாட்டியைத்தான் முதலில் அளக்க வேண்டும் என்றும் விதி வைத்தார்கள். பஸ்ஸின் முதுகில் எல்லாம் அதற்கு விளம்பரம்.

அதோடு நின்றிருந்தால் போகட்டும் என்று விடலாம். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு சுற்றறிக்கை வந்தது. சோதனை முறையில் மைனர் பிள்ளைகளையும் இதே கருவியால் அளக்கலாமாம். எந்தக் குளிர்சாதன அறையில் எந்த மகராசன் உட்கார்ந்து எழுதினானோ, அவன் வாயில் மண் விழ.

அரசிக்கு அந்த வீட்டில் ஒரு துரும்பு வேண்டாம். பரணி வேண்டும். அவ்வளவுதான். மிஷின் பொய் சொல்லாது என்கிறார்களே, அப்படியானால் பயப்பட என்ன இருக்கிறது என்றுதான் அன்று காலைவரை நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் புருஷன் கோமதிநாயகம் கூடத்து சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். சிமெண்ட் ஏஜென்சிக்காரன். பெருமாள்புரத்தில் மூன்று படுக்கையறை வீடு. மூன்றிலும் மனிதர் படுக்க இடமில்லாமல் சாமான். முப்பத்தொரு ஜோடி செருப்பு, பத்தொன்பது கைக்கடிகாரம், மூன்று டிவி. ஒரு பொருள் வந்து இறங்கும் அன்று அவன் முகத்தில் வெளிச்சம் இருக்கும். மறுநாள் அடுத்ததைத் தேட ஆரம்பிப்பான். பரணி பிறந்தபோதும் அப்படித்தான், ஒரு வாரம் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினான்.

அரசியின் அம்மா உலகம்மாள் தன் பட்டியலோடு வந்திருந்தாள். அவள் பட்டியல் தாளில் இல்லை, நாக்கு நுனியில் இருந்தது. அரசிக்கு ஏழு வயதானபோது பாத்திரச் சீட்டில் சேர்ந்தவள் அவள். பதினாறு வருஷம் ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொன்றின் கழுத்திலும் மகள் பெயரை வெட்டவைத்து, சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றினாள். கீழே அவர்கள் சாப்பிட்டது நசுங்கிய அலுமினியத் தட்டில். பள்ளிக்கூடத்தில் கன்னியாகுமரிக்குக் கூட்டிப் போனபோது அரசியால் போக முடியவில்லை, அந்த மாதம் ஒரு எவர்சில்வர் குடம் வந்தது. கல்யாணத்தன்று மண்டபத்தில் சீரைப் பரப்பி வைத்தபோது, 'அடேயப்பா' என்று ஊர் வாயைப் பிளந்தது. அதற்குப் பிறகு அந்தப் பாத்திரங்கள் ஒரு பரணிலிருந்து இன்னொரு பரணுக்கு வந்தன. அவ்வளவுதான் அவற்றின் வாழ்க்கை.

"பாத்து அளங்கம்மா" என்றாள் உலகம்மாள் ஜெபராணியிடம். "எல்லாத்துலயும் பேரு இருக்கு. ஒரு ஸ்பூனு குறையக்கூடாது."

முதலில் சீர்ப் பாத்திரங்கள். வெண்கலப் பானை. அரசிக்கு ஒன்று. நாயகத்துக்குப் பூஜ்யம். தவலை. பூஜ்யம், பூஜ்யம். அண்டா. இரண்டு, பூஜ்யம். ஜெபராணி சலிக்காமல் ஒவ்வொன்றையும் வட்டத்தில் வைத்து எடுத்தாள். எடுத்ததெல்லாம் வாசல் பக்கம், லாரிக்குப் போனது.

"ஏட்டி, நல்லாப் பாருட்டி!" என்று உலகம்மாள் கத்தினாள். "இது அம்மா வாங்கித் தந்ததுன்னு நெனச்சிட்டுப் பாரு."

"நெனச்சிட்டுத்தாம்மா பாக்குதேன். அதான் ஒண்ணாவது வருது."

"அந்தப் பட்டைய எனக்குக் கட்டுங்க" என்று உலகம்மாள் ஜெபராணியின் கையைப் பிடித்தாள். "நூறு வரும். நூறுக்கு மேல வரும்."

"நீங்க வழக்குல இல்லையே ஆச்சி."

உலகம்மாள் வாசலில் குவிந்துகொண்டிருந்த தன் பதினாறு வருஷத்தின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டாள். அரசிக்கு இரக்கத்தைவிடக் கோபம்தான் கூட இருந்தது. கன்னியாகுமரிக் கடலை அவள் இன்றுவரை பார்க்கவில்லை.

அடுத்தது நாயகத்தின் சாமான்கள். கைக்கடிகாரங்கள் வரிசையாக ஒன்று, பூஜ்யம், இரண்டு. செருப்புகளில் ஒன்றுகூட மூன்றைத் தாண்டவில்லை. கடைசியில் கார். ஜன்னல் வழியாகக் கீழே நின்ற காரைப் பார்க்கச் சொன்னார்கள். ஈரத் தலையோடு பெண்டாட்டியை உட்காரவிடாமல் அவன் காத்த கார்.

அரசிக்குப் பூஜ்யம். நாயகத்துக்கு ஆறு.

"ஆறா?" அவன் எழுந்துவிட்டான். "மிஷின் ரிப்பேரு மேடம்!"

"காலையிலதான் சோதிச்சு சீல் வச்சது சார்."

"என் காருங்க. எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா வந்திருக்கும் சார்."

அவன் திரையைப் பார்த்தபடி நின்றான். வாய் லேசாகத் திறந்திருந்தது. இத்தனை வருஷம் சேர்த்ததெல்லாம் எங்கே போயிற்று என்று தேடுகிறவன் போல் இருந்தான். அரசிக்கு ஒரு நொடி பாவமாகக்கூட இருந்தது. அந்த ஒரு நொடிதான்.

ஏனென்றால் அடுத்து மிக்சி வந்தது.

அரசிக்கு இருபத்திரண்டு. ஒன்பது வருஷமாகத் தினம் காலையில் அதன் முகத்தில்தான் விழிக்கிறாள், இருக்காதா? எண் திரையிலேயே நின்றது. நாயகம் பட்டையைச் சரிசெய்துகொண்டு மிக்சியைப் பார்த்தான். ஒன்று. பிறகு தலையைத் திருப்பி அரசியின் இருபத்திரண்டைப் பார்த்தான். அவன் எண் நகர்ந்தது. ஒன்பது. பதினெட்டு. முப்பது. நாற்பத்து நான்கில் போய் நின்றது.

"எனக்கு!" என்றான். சட்னியா துவையலா என்று தட்டில் விழுந்த பிறகே தெரிந்துகொள்கிற மனிதன்.

அரசி முதலில் சிரிக்கத்தான் செய்தாள். அப்புறம் கம்பி வளைந்த அவளுடைய பழைய குடை வந்தது. அவளுக்கு முப்பத்தொன்று. அவனுக்கு ஐம்பத்திரண்டு. அவள் வேலைக்குக் கொண்டுபோகும் மூடி நசுங்கிய சாப்பாட்டு டப்பா. அவளுக்குப் பதினைந்து. அவனுக்கு முப்பத்தெட்டு. சிரிப்பு நின்றுபோனது. நானூற்றுப் பன்னிரண்டாவது வரி கண்முன் வந்தது.

மதியம் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் விட்டார்கள். ஜெபராணி சமையலறையில் நின்றுகொண்டே தயிர்ச்சாதம் சாப்பிட்டாள். அரசி கதவைச் சாத்தினாள்.

"மேடம், எனக்கு உண்மையச் சொல்லுங்க. அந்த மனுசனுக்குத் தன் காரு மேல ஆறு. என் ஓட்டைக் குடை மேல ஐம்பத்திரண்டா?"

ஜெபராணி மென்றதை விழுங்கினாள். "இது எனக்கு இருநூத்தி எட்டாவது வீடும்மா. பாதி வீட்ல இப்படித்தான்."

"அப்படின்னா?"

"ஒரு பொருளை 'என்னோடது'ன்னு மனசு பிடிச்சுக்கிடும்போது மூளையில ஒரு இடம் முழிச்சுக்கும். அதைத்தான் பட்டை அளக்குது. எதனால முழிச்சுதுன்னு அதுக்குத் தெரியாது. சிலருக்குப் பொருளைப் பாத்தா முழிக்கும். சிலருக்கு அடுத்தவ கையில பாத்தாத்தான் முழிக்கும். அவருக்குக் குடை வேண்டாம்மா. உங்ககிட்ட இல்லாம இருக்கணும், அதான் வேணும்."

"இது உங்க ஆபீசுக்குத் தெரியுமா?"

"எழுதிப் போட்டேன், மூணு தடவை. 'கருவியின் அளவீடு சரியாக உள்ளது'ன்னு பதில் வந்துச்சு. அவங்களும் பொய் சொல்லல. அளவு சரியாத்தான் இருக்கு."

"அப்போ எம்புள்ளைக்கு எனக்கு எவ்வளவு வரும்?"

"பெத்தவளுக்குத் தொண்ணூறுக்குக் கீழ நான் பாத்ததில்ல."

"அவருக்கு?"

ஜெபராணி டப்பாவை மூடினாள். "உங்களுக்குத் தொண்ணூத்தஞ்சு வந்தா அவருக்குத் தொண்ணூத்தாறு வரும்."

அரசி அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள். கத்த வேண்டும் போல் இருந்தது. எதையாவது எடுத்து உடைக்க வேண்டும் போல் இருந்தது. எவ்வளவு ஆசைப்படுகிறாளோ அவ்வளவுக்கு அவளைத் தோற்கடிக்கும் ஒரு கருவி. அதை மகளிருக்கு மதிப்பு என்று பஸ்ஸின் முதுகில் ஒட்டிக்கொண்டு திரிகிறார்கள். பொம்பளையை முதலில் நிற்கவைத்து, அவள் நெஞ்சில் இருப்பதைத் திரையில் போட்டுக் காட்டி, 'ஐயா, இனி நீங்கள் ஆரம்பிக்கலாம்' என்கிற மதிப்பு!

திடீரென்று அவள் நிமிர்ந்தாள்.

"மேடம், பொம்பளைய முதல்ல அளக்கிறது எங்களுக்குக் குடுத்த உரிமைதான?"

"ஆமா."

"உரிமைன்னா விட்டுக்குடுக்கலாம்லா?"

ஜெபராணி அவளையே பார்த்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, பெட்டியின் அடியிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். கடைசியில் ஓரிடத்தில் விரலை வைத்தாள். இருநூற்றேழு வீட்டில் யாரும் கேட்காத கேள்வி. "மனைவி எழுதிக் குடுத்தா மாத்தலாம்னு இருக்கு. ஆனா அவரும் சம்மதிக்கணும்."

"அத நான் பாத்துக்கிடுதேன்."

நானூற்றுப் பதினொன்று வரை முடிந்தபோது மணி நாலரை. பக்கத்து வீட்டிலிருந்து பரணியைக் கூட்டி வந்தார்கள். சீருடையை மாற்றாமல், கையில் பாதி கடித்த முறுக்கோடு வந்தாள்.

அரசி எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "மேடம், மத்தது போகட்டும். பிள்ளை விஷயத்துல என்னைய முதல்ல அளக்க வேண்டாம். என்ன இருந்தாலும் அவிய குடும்பத் தலைவர். அவிய இருக்கும்போது நான் முந்திக்கிட்டு நிக்கது முறையில்ல."

உலகம்மாளே திரும்பிப் பார்த்தாள். ஒன்பது வருஷத்தில் இப்படி ஒரு பேச்சை மகள் வாயிலிருந்து அவள் கேட்டதில்லை.

நாயகத்துக்கு முகம் மலர்ந்தது. சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். "இப்பமாவது புத்தி வந்துச்சே. சரி மேடம், என்னைய முதல்ல அளங்க. ஆம்பளைதான் முதல்ல, அதான் முறை." அரசி எழுதிக் கொடுத்த தாளில் கையெழுத்தும் போட்டான்.

ஜெபராணி பரணியை மஞ்சள் வட்டத்துக்குள் நிற்கச் சொன்னாள். "இங்க பாரும்மா" என்று அரசி மகளின் முகத்தைத் திரைக்கு எதிர்ப்பக்கம், தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள். பெற்ற பிள்ளையை வட்டத்துக்குள் நிறுத்திவிட்டு அவள் செய்யக்கூடியதாக இருந்தது அது ஒன்றுதான்.

நாயகம் பார்த்தான். இருபது நொடி. திரையில் அரசியின் பக்கம் காலியாக இருந்தது. ஒப்பிட ஒன்றுமில்லை, ஒரு சின்னப் பெண் முறுக்கோடு நிற்கிறாள், அவ்வளவுதான்.

எட்டு.

ஜெபராணி பொத்தானை அமுக்கினாள். எண் பூட்டிக்கொண்டது.

அப்புறம் அரசி பார்த்தாள். தொண்ணூற்றேழு.

"பிள்ளை தாய்க்கு" என்று ஜெபராணி எழுதினாள்.

"என்னது?" நாயகம் தொண்ணூற்றேழைப் பார்த்தான். நெற்றியில் பட்டை அப்படியே இருந்தது. பூட்டிய எட்டுக்குப் பக்கத்தில் அவனுடைய ஓடும் எண் எழும்ப ஆரம்பித்தது. இருபது. நாற்பத்தைந்து. எழுபது. "இப்பப் பாருங்க! ஏறுது பாருங்க! எம்புள்ள, நான் விடமாட்டேன்!" குரல் உண்மையிலேயே உடைந்தது. கண்ணில் உண்மையிலேயே தண்ணீர் வந்தது. அதுதான் கொடுமை, அவன் நடிக்கவில்லை. தொண்ணூற்றொன்பது.

"முதல் அளவுதான் சார் செல்லும்."

கூச்சல் கேட்டுப் பரணி அம்மாவின் கைக்குள்ளிருந்து திரும்பிவிட்டாள். திரையில் அப்பாவின் பேருக்குக் கீழே மின்னிய எண்ணை எழுத்துக்கூட்டுவது போல் படித்தாள்.

"யம்மா! அப்பாவுக்கு என்மேல தொண்ணூத்தொம்பது! உன்னைவிட ரெண்டு கூட!"

அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அரசியால் பார்க்க முடியவில்லை. எட்டு என்று எப்படிச் சொல்வாள்? பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். ஏழு வயதுப் பிள்ளை, கனமாகத்தான் இருந்தது. கீழே லாரிக்காரர்கள் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

மூன்று மாதம் ஓடிவிட்டது. மேலப்பாளையம் போகும் வழியில் ஒரு காம்பவுண்டு வீட்டில் அரசியும் பரணியும் உலகம்மாளும் இருந்தார்கள். இரண்டு பாய், நாலு தட்டு, கடன் வாங்கிய ஒரு மின்விசிறி. மாதம் இரண்டு ஞாயிறு பிள்ளையைப் பார்க்க வரலாம் என்று நாயகத்துக்குக் கோர்ட் அனுமதி கொடுத்திருந்தது. ஒரு தடவைகூட வரவில்லை. அன்று ஏறிய எண் எப்போது இறங்கியதோ, லாரி தெருமுனை திரும்பும் முன்னாலேயே இறங்கியிருக்கும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பரணி தலைவாரிக்கொண்டு வாசலில் நிற்பாள். "வேலை இருக்கும். தொண்ணூத்தொம்பதுல்லா, வராம இருப்பாரா?" என்பாள்.

அப்படி ஒரு ஞாயிறு சாயங்காலம் அரசி வேலை முடிந்து வந்தபோது, அறை நடுவில் ஒரு வெண்கலப் பானை இருந்தது. புளி போட்டுத் தேய்த்ததில் பளபளத்தது. அதைச் சுற்றி ஆச்சியும் பேத்தியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"யம்மா, என் பேரு போட்டிருக்கு பாரு!"

பானையின் கழுத்தில் 'பரணி' என்று புதிதாக வெட்டியிருந்தது. அந்த மூன்றெழுத்துக்கு இரண்டு பக்கமும் ஒரு சாண் நீளத்துக்கு அரத்தால் ராவிய தடம் தெரிந்தது. அங்கே முன்பு ஒரு நீளமான பேர் இருந்திருக்கிறது. அரசி குனிந்து விரலால் தடவினாள். ராவியது போக, முதல் எழுத்தின் கீழ்க்கோடு மட்டும் விரலில் தட்டுப்பட்டது.

"யம்மா. இது என் பானை" என்றாள் அரசி.

"பின்ன, ஊரான் பானையவா எடுப்பேன்?" உலகம்மாள் குரலில் பெருமை பொங்கியது. "கிடங்குல தேடிப் பிடிக்க மூணு நாளாச்சு. அடிமாட்டு விலைக்கு விடுதான். அண்டா, தவலை, குத்துவிளக்கு எல்லாம் அங்கனதான் கெடக்கு. மாசத்துக்கு ஒண்ணா மீட்டுருவேன். பிள்ளைக்கு ஏழு முடியப் போகுதுல்லா? உனக்கும் ஏழு வயசுலதான ஆரம்பிச்சேன்."

அரசிக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

பரணி பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கேட்டாள். "ஆச்சி, நான் கல்யாணம் ஆகிப் போகும்போது இது என்கூட வருமா?"

"வராம?"

"அப்புறம் எங்களுக்குச் சண்டை வந்தா, இதையும் என் பாப்பாவையும் மஞ்ச வட்டத்துல வப்பாங்களா?"

அரசி பிள்ளையின் கையிலிருந்து பானையைப் பிடுங்கினாள். கொல்லைக்குப் போனாள். துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் மூன்று செங்கலை வைத்தாள். காய்ந்த தென்னை மட்டையை முறித்துத் திணித்துத் தீயைப் போட்டாள். பானையை ஏற்றித் தண்ணீர் ஊற்றினாள். டின்னில் இருந்த அரிசியை அப்படியே கவிழ்த்தாள்.

"ஏட்டி, கிறுக்கா பிடிச்சிருக்கு?" உலகம்மாள் ஓடிவந்தாள். "மூணு பேரு சாப்பிட முப்பது பேரு பானையா? கரி பிடிச்சிரும்டி!"

"பிடிக்கட்டும்."

"பேரு வெட்டினது அழிஞ்சிரும்டி!"

"அழியட்டும். அடுப்புக்குச் செஞ்ச பானைம்மா இது. இருபது வருஷமா நீயும் நானும் அடுப்பக் காட்டுனமா?" அவள் குரல் காம்பவுண்டு முழுக்கக் கேட்டது. "அடுத்த வீட்டுக்காரங்களக் கூப்பிடு. எல்லாரையும் கூப்பிடு. இன்னைக்கு இங்கதான் சோறு. நாளைக்கு நீ அண்டாவ மீட்டுட்டு வா, அதுலயும் பொங்குவேன்."

தீ பக்கவாட்டில் ஏறிப் பானையின் கழுத்தை நக்கியது. பளபளப்பு முதலில் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, கடைசியில் புது எழுத்தும் பழைய தடமும் ஒரே கறுப்பாயின. உலகம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

பரணி கொஞ்ச நேரம் வாசலையும் தீயையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சுவரோரம் ஓடிப்போய் இன்னும் இரண்டு மட்டையை இழுத்துக்கொண்டு வந்தாள்.